‘எங்கட பெண்கள் குடிக்கிறதில்லை’

(சென்ற செப்ரெம்பரில் எமது சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. அன்று வரமுடியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்று பலர் கேட்டதால் இம்மலரில் இடம்பெறுகிறது.)



மேடையில் ஏறிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஊரில் ஏ.எல். எடுத்ததோடு என் படிப்பு நின்றுபோனது. 2013 இல் கலியாணம் கட்டி ஜேர்மனிக்கு வந்தேன். அடுத்த ஆண்டில் இருந்து ஒரு தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் வேலை செய்கிறேன். நான் டொக்டரும் இல்லை, நேர்சும் இல்லை. ஆகவே நான் சொல்லப்போகும் வைத்திய விசயங்களை என்னுடைய மருத்துவிச்சியிடம் கேட்டு, சரிபார்த்துத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சங்கத் தலைவர் என்னிடம், “தங்கச்சி, இளம் தாய்மாருக்குப் பிரயோசனமான விசயம் ஏதாவது பேசுங்கோ” என்று கேட்டார். கர்ப்ப காலத்தில் மதுபானம் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது எங்கட சனத்துக்குத் தேவையோ பிள்ளை? எங்கட பெண்கள் குடிக்கிறதில்லையே” என்றார். நல்ல மனிசன், பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்தை நான் இன்னொரு இடத்திலும் கேட்டிருக்கிறேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2014 ஆம் ஆண்டு மார்கழி மாதம். எங்கள் பகுதியில் வேலை செய்பவர்கள் எல்லோரும் வேலை முடிந்து கிறிஸ்மஸ் சந்தைக்குப் போனோம். நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். பாசையும் ஓடாது, நல்ல குளிர். ஒருத்தி என் கையில் ஒரு சுடுகோப்பையைத் தந்தாள். கறுவா, கராம்பு மணம். எங்கட வீட்டுக் கசாயம் மாதிரி இருந்தது, ஆனால் இனிப்பு. வாங்கிக் குடித்தேன். உடம்பு சூடாகியது. இன்னொன்றும் குடித்தேன். அது கிளூவைன், சுடவைத்த வைன் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். சுடவைத்தால் வெறி எல்லாம் ஆவியாகப் போய்விடும் என்று நினைத்தேன். பக்கத்துக் கடையிலேயே பிள்ளைகளுக்கு என்று மதுசாரம் இல்லாத கிண்டர்புன்ஷ் விற்றார்கள். அதைக் கேட்கலாம் என்பதும் எனக்குத் தெரியாது.

பிறகு ஆண்டு முடிவு இரவு. என்ர அவரின் கூட்டாளி வீட்டில் கூடினோம். ஆண்களுக்கு விஸ்கி. எங்களுக்கு ஒரு அண்ணை சின்னக் கிளாசில் கிறீம் லிக்கர் ஊற்றித் தந்தார். “இது பொம்பிளையளின்ர சாமான், பால்தான், குடியுங்கோ” என்றார். சொக்கலேற் பால் மாதிரித்தான் இருந்தது. மறுத்தால் மரியாதையில்லை என்று குடித்தேன்.

தை மாதம் நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்தது. கணக்குப் பார்த்தால் அந்த இரண்டு நாளும் பிள்ளை என் வயிற்றில் இருந்திருக்கிறது.

பெண்நோய் வைத்தியரிடம் போனோம். எனக்குப் பாசை போதாது என்பதால் என்ர அவர்தான் மொழிபெயர்த்தார். வைத்தியர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தா. முந்திய வருத்தம் ஏதும் உண்டா? மருந்து எடுக்கிறாவா? சிகரெட்? பிறகு “அல்கோஹோல்?” என்றா. அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே, “நைன், நைன், எங்கட பெண்கள் குடிக்கிறதில்லை” என்று சொல்லிவிட்டார். பெருமையாகத்தான் சொன்னார். வைத்தியரும் சிரித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டா.

அல்கோஹோல் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. எனக்கு விளங்கியது. ஆனால் வாய் வரவில்லை. சொன்னால் அவருக்கு வெட்கம். எனக்கும் வெட்கம். பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் வேறு. நாலு மாதம் இரவில் நித்திரை இல்லாமல் படுத்திருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

அதுக்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்லுகிறேன். இப்போது மதுசாரம் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

தாய் குடிக்கும் மதுசாரம் அவவுடைய இரத்தத்தில் கலக்கிறது. அது நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. நச்சுக்கொடி அதை வடிகட்டி மறிக்காது. சிறிது நேரத்தில் தாயின் இரத்தத்தில் எவ்வளவு மதுசாரம் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு பிள்ளையின் இரத்தத்திலும் இருக்கும். எங்களுக்கு ஈரல் முற்றியிருக்கிறது, அது மதுசாரத்தை உடைத்து வெளியேற்றும். வயிற்றில் உள்ள பிள்ளையின் ஈரல் அந்த வேலைக்கு இன்னும் வளரவில்லை. பிள்ளை மிதக்கும் பன்னீரிலும் மதுசாரம் தங்கிநிற்கும். ஆகவே தாய்க்குத் தெளிந்த பிறகும் பிள்ளைக்குத் தெளியாது.

முதல் மூன்று மாதத்தில் இருதயம், கை, கால், முகம் எல்லாம் உருவாகின்றன. அப்போது மதுசாரம் போனால் அவற்றில் குறை வரலாம். ஆனால் மூளை முதல் மாதங்களில் இருந்து பிள்ளை பிறக்கும் நாள் வரைக்கும், அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே “மூன்று மாதம் கழிந்துவிட்டது, இனிப் பரவாயில்லை” என்ற பேச்சு பிழை. பரவாயில்லை என்று சொல்லக்கூடிய மாதம் ஒன்பது மாதத்தில் ஒன்றும் இல்லை.

இதனால் வரும் பாதிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து எஃப்.ஏ.எஸ்.டி. என்று சொல்லுகிறார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளை எடை குறைவாகப் பிறக்கும், தலை சிறிதாக இருக்கும். கண் திறப்புச் சிறிதாகவும், மேலுதடு மெல்லியதாகவும், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் இல்லாதது போலவும் இருக்கும். ஆனால் கூடுதலான பிள்ளைகளுக்கு முகத்தில் ஒன்றுமே தெரியாது. பாதிப்பு மூளையில் மட்டும் இருக்கும். அந்தப் பிள்ளையைத்தான் ஊர் ‘குழப்படி’ என்றும் ‘மொக்கு’ என்றும் சொல்லும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விசயம் அல்ல. பிரான்சில் நாந்த் நகரில் போல் லெமுவான் என்ற பிள்ளை வைத்தியர் தன் கூட்டாளிகளோடு 127 பிள்ளைகளைப் பார்த்து 1968 இலேயே எழுதினார். அப்போது பெரிதாக ஒருவரும் கவனிக்கவில்லை. 1973 இல் அமெரிக்காவில் சியாற்றில் நகரத்து வைத்தியர்கள் ஜோன்ஸ், ஸ்மித் இருவரும் இதற்குப் பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்த ஜேர்மனியிலேயே ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் ஏதோ ஒரு அளவில் இந்தப் பாதிப்போடு பிறக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1999 இல் இருந்து செப்ரெம்பர் 9 ஆம் திகதியை இதற்கான விழிப்புணர்வு நாளாகப் பல நாடுகளில் நினைவுகூருகிறார்கள். கர்ப்பம் ஒன்பது மாதம், அதனால் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள்.

இலக்கம் சொன்னால் மறந்துபோவோம். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிறேன். என்னோடு ஒரே மேசையில் வேலை செய்யும் ஒரு ஜேர்மன் அக்கா, இந்தப் பாதிப்புள்ள ஒரு பெடியனைக் கைக்குழந்தையில் இருந்து எடுத்து வளர்க்கிறா. இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. நல்ல கலகலப்பான பிள்ளை. யாரைக் கண்டாலும் போய்க் கையைப் பிடிப்பான். அதுவே அவவுக்குப் பயம், ஏனென்றால் தெரியாத ஆள் கூப்பிட்டாலும் அவன் போவான். நேற்று மணிக்கூடு பார்க்கப் பழகியிருப்பான், இன்று காலை தெரியாது. காசு என்றால் என்ன பெறுமதி என்று விளங்காது. “அடுப்பு சுடும்” என்று நூறு தரம் சொன்னாலும் நூற்றியோராம் தரமும் சொல்ல வேண்டும். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. சொன்னது அவன் மூளையில் நிற்பதில்லை.

ஒருநாள் இடைவேளையில் அந்த அக்கா சொன்னா: “அவன் பெரியவனான பிறகும் யாரோ ஒருத்தர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான் செத்த பிறகு யார் நிற்பார்கள் என்றுதான் யோசிக்கிறன்.” நான் கையில் இருந்த பாணைச் சாப்பிடவில்லை.

இந்தப் பாதிப்பை மாற்ற மருந்து இல்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் பயிற்சி, பாடசாலை உதவி, பொறுமை எல்லாம் பிள்ளைக்குத் துணை செய்யும், பாதிப்புப் போகாது. ஆனால் தாயின் வயிற்றுக்குள் மதுசாரம் போகாவிட்டால் இது வரவே வராது.

இனி “எங்கட பெண்கள் குடிக்கிறதில்லை” என்ற கதைக்கு வருவோம். மெய்தான், பலர் குடிப்பதில்லை. ஆனால் எங்கட வீடுகளில் மதுசாரம் வேறு பெயரில் வரும். உடம்பு தேற வேண்டும் என்று முட்டைக்கோப்பிக்குள் பிறண்டி விடுகிறோம். அரிஷ்டம், ஆசவம் என்று மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அவை நொதிக்கவைத்துச் செய்பவை, அவற்றில் மதுசாரம் தானாக உண்டாகும். முழுகாமல் இருக்கும்போது டொக்டரைக் கேளாமல் எடுக்கக்கூடாது. றம்மில் ஊறிய கேக், லிக்கர் அடைத்த சொக்கலேற் இருக்கின்றன. ‘மதுசாரம் அற்ற பியர்’ என்று இங்கே விற்பதில்கூட நூற்றுக்கு அரைப்பங்கு வரை இருக்கலாம். 0,0 என்று போட்டிருந்தால்தான் இல்லை என்று கொள்ளலாம்.

பிள்ளை பிறந்த பிறகும் கதை முடியவில்லை. பிள்ளைப்பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும், பால் சுரக்கும் என்று சொல்லி பிறண்டி கொடுக்கும் வழக்கம் எங்கள் சில வீடுகளில் உண்டு. இங்கத்தைய ஆட்களும் பியர் குடித்தால் பால் வரும் என்று சொல்லுவார்கள். மருத்துவிச்சி என்ன சொன்னா தெரியுமோ? மதுசாரம் பால் இறங்குவதைக் குறைக்கும், அதோடு தாயின் இரத்தத்தில் உள்ளது பாலிலும் வரும். மாமிமாரே, அம்மாமாரே, உங்கட அன்பு எங்களுக்கு விளங்குது. சரக்குத்தண்ணியும் பத்தியக்கறியும் தாருங்கோ, கும்பிட்டு வாங்கிக் குடிப்பம். பிறண்டிப் போத்தலை மட்டும் அலுமாரியில் வையுங்கோ.

“கொஞ்சம்தானே” என்பார்கள். வைத்தியர்கள் இவ்வளவு குடிக்கலாம் என்று ஒரு அளவைச் சொல்வதில்லை, ஏனென்றால் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கண்டறியப்படவில்லை. “வைன் மெல்லியது, விஸ்கிதான் பொல்லாதது” என்பதும் பிழை. ஒரு சின்னப் போத்தல் பியரில், அதாவது 330 மில்லிலீற்றரில், ஏறக்குறைய 13 கிராம் மதுசாரம் இருக்கிறது. 40 மில்லிலீற்றர் விஸ்கியிலும் அவ்வளவுதான். நான் சந்தையில் குடித்த மாதிரி ஒரு 200 மில்லிலீற்றர் கிளூவைனில், நூற்றுக்குப் பத்து மதுசாரம் என்று வைத்தால், 16 கிராம். பிள்ளைக்கு வைன் எது, விஸ்கி எது என்று தெரியாது. போய்ச் சேருவது ஒரே சாமான்தான்.

பாரிசில் இருந்து வரும் சொந்தக்காரர் கொண்டுவரும் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். வயிறு பெருத்த ஒரு பெண் கிளாசோடு நிற்பார், அவருக்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கும். பிரான்சில் 2007 இல் இருந்து அந்தப் படமோ எழுத்தோ கட்டாயம். பாசை தெரியாதவருக்கும் விளங்கட்டும் என்றுதான் படம் போட்டார்கள்.

இனி ஆண்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளை பெறுவது நாங்கள் என்றபடியால் இது எங்கட பிரச்சினை என்று எழும்பிப் போய்விடாதேங்கோ. எனக்குக் குடிக்கத் தந்தது யார்? மறுத்தால் கோபிப்பது யார்? கொண்டாட்டத்தில் ஒரு பெண் “வேண்டாம்” என்று சொன்னால், “என்ன விசேசமோ?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுச் சிரிப்பது யார்? இரண்டு மாதம் வரைக்கும் வெளியில் சொல்ல விரும்பாத பெண், அந்தச் சிரிப்புக்குப் பயந்தே கிளாசை வாங்குவாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கோ. மனைவி முழுகாமல் இருக்கும்போது நீங்களும் குடிக்காமல் இருந்தால் அதைப்போல உதவி வேறில்லை.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்குள்ளும் குடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். போரைக் கண்டு வந்த மனம், தனிமை, இரவு வேலை, வீட்டில் கரைச்சல் என்று எத்தனையோ காரணம். அவர்களைப் பற்றிக் காதுக்குள் கதைக்கிறோம், முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்பதில்லை. அப்படி ஒரு சகோதரி இங்கே இருந்தால், உங்களைக் குறைசொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து. தனியே நிற்பாட்டாமல் டொக்டரிடம் சொல்லி, அவருடைய பார்வையில் நிறுத்துங்கோ. இந்த நாட்டில் வைத்தியருக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு. நீங்கள் சொன்னதை உங்கள் புருசனுக்குக்கூட உங்கள் விருப்பமில்லாமல் அவர் சொல்லக்கூடாது. கர்ப்பிணி குடித்ததற்காக அவவைத் தண்டிக்கும் சட்டமும் இங்கே இல்லை.

இப்போது என் கதையின் மிச்சம். ஐந்தாம் மாதம் கழிந்து ஒருநாள் மருத்துவிச்சி வீட்டுக்கு வந்தா. அவர் வேலையால் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஜேர்மன் பாசையில் பாதி, கையால் காட்டிப் பாதியாக அழுது அழுது சொன்னேன். அவ ஏசவில்லை. எத்தனை கோப்பை, எந்தக் கிழமை, பிறகு குடித்தாயா என்று மட்டும் கேட்டா. பிறகு சொன்னா: “பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றும் இப்போது சொல்ல முடியாது, ஏதோ இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. குடிக்காத ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு நல்லது, அது நிச்சயம். இதை டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.” அடுத்த முறை அவவே என்னோடு வந்தா. டொக்டர் கேட்டு எழுதிக்கொண்டா, பிள்ளையின் வளர்த்தியைக் கவனமாகப் பார்த்தா.

அன்று இரவு என்ர அவருக்கும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்டைக்கு உன்னைக் கேட்டிருக்க வேணும்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, எந்த இடத்தில் எனக்காகக் கதைத்தாலும், முதலில் என் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டுத்தான் கதைப்பார். இன்று இங்கே இதைப் பேச அவரிடம் கேட்டபோதும், “சொல்லு, என்னைப் பற்றியும் சொல்லு” என்றார். அதோ பின்னால் இருக்கிறார்.

எங்கட மகளுக்கு இப்போது பத்து வயது. சுகமாக இருக்கிறாள். “பார், அவள் குடித்தாள், ஒன்றும் நடக்கவில்லையே” என்று தயவுசெய்து ஒருவரும் எடுத்துக்கொள்ளாதேங்கோ. றோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவளுக்கு வாகனம் வரவில்லை, அவ்வளவுதான். என் மேசைக்கு எதிரில் இருக்கும் அக்காவின் பெடியனுக்கு வந்தது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவும்தான். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் நாளில் இருந்தே மதுபானத்தை விடுங்கோ, ஏனென்றால் முழுகாமல் இருப்பது தெரியவரும்போது சில கிழமை ஓடியிருக்கும். தெரியாமல் குடித்துவிட்டால் இன்றே நிறுத்திவிட்டு டொக்டரிடமோ மருத்துவிச்சியிடமோ சொல்லுங்கோ. மருத்துவிச்சி கர்ப்பத்தின் தொடக்கத்தில் இருந்தே வரலாம், செலவை நோய்க் காப்புறுதி கட்டும். வைத்தியரிடம் போகும்போது புருசனோ பிள்ளையோ மொழிபெயர்க்காமல், முடிந்தால் இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆள் இல்லாவிட்டால் சங்கத்தில் சொல்லுங்கோ, வேலை இல்லாத நேரம் நான் வருவேன். நீங்கள் சொல்வதை மட்டும் சொல்லுவேன். வெளியில் வந்து ஒருவருக்கும் வாய் திறக்கமாட்டேன்.

சித்திரைக்குச் சங்கத்தில் கூடும்போது, பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி வந்தால் அவளுக்கு ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு கொண்டுபோய்க் கொடுங்கோ. அவளாகக் கேட்கும் வரை காத்திருக்காதேங்கோ.